தராசைச் சுற்றி ஒரு மஞ்சள் திரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எஸ்தர் சிஸ்டர் எழுதுவது.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "சிஸ்டர், அந்த எடை பாக்குற எடத்தைச் சுத்தி ஏன் இந்த மஞ்சத் துணி? ட்ராலி தள்ளுறப்பலாம் சிக்குது லா. கழட்டிடலாமா?" நான் பதில் சொல்லவில்லை. வாய் நிறைய கறிபாஃப் இருந்ததால்தான் பேசவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையில் அது நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய கதை இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். கழற்றுவதற்கு முன்னால் எல்லாரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தம்போயில் இருக்கிற இந்த டயாலிசிஸ் மையத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். மெஷினை ஓட்டுவது, ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் ஃபரா சிஸ்டர் உங்களுக்குச் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் எழுதப்போவது என் வாயைப் பற்றி. எஸ்தர் சிஸ்டர் ஊசி போட்டால் வலிக்காது, பேசினால்தான் வலிக்கும் என்று நோயாளிகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நம்மிடம் வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். நாம் மெஷினில் போட்டு எடுத்தால்தான் உண்டு. ஒரு முறை வந்துபோனதற்கும் மறுமுறை வருவதற்கும் நடுவில் எடை எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் தண்ணீர். இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேலே போனால் நெஞ்சில் ஏறும், மூச்சு முட்டும். இது உங்களுக்கும் தெரியும், நோயாளிகளுக்கும் தெரியும். தெரிந்தும் குடிப்பார்கள். தாகம் அப்படிப்பட்டது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும், அவ்வளவுதான்.

நான் பொறுப்பு நர்ஸாக ஆன புதிதில், ஒரு பண்டிகை வாரம் முடிந்து எல்லாரும் மூன்று கிலோ, நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அடுத்த நாளே ஒரு வெள்ளைப் பலகை வாங்கிவந்து, தராசுக்கு மேலே சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினேன். யார் பெயர், எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்று வருகிறபோதே எழுதுவேன். அளவோடு வந்தால் நீல மை. அதிகமானால் சிவப்பு. தொடர்ந்து நான்கு முறை அளவோடு வந்தவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

பலகை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் சிவப்பு குறைந்துவிட்டது. பெரிய டாக்டர் பாராட்டினார். நான் அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு இப்படி ஒரு ஞானத்தைக் கொடுத்தார், இத்தனை உயிர்களைக் காப்பாற்ற என்னைப் பயன்படுத்துகிறார் என்று சொன்னேன். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்போது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தேன். கிருபை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சிவப்பு மையைத் திறப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஏதோ உதைக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

முனியாண்டி அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். செவ்வாய், வியாழன், சனி, காலைப் பிரிவு, ஜன்னலோர நாற்காலி. பாலோ பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தம்போய்க்கு வந்தபின் ஒரு தொழிற்சாலையில் ஜகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் அடித்தவர். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது என்பதால் மற்றக் கை விரல்களால் நாற்காலியின் கைப்பிடியில் நாலு மணி நேரமும் தட்டிக்கொண்டே இருப்பார். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனக் கிழவர், ஆப்பே என்றுதான் கூப்பிடுவோம், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நர்ஸை மிஸ்ஸி என்று கூப்பிடுவது தோட்டத்துப் பழக்கம். அந்த அக்காவுக்கு நான் கடைசிவரை மிஸ்ஸிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் நாலு கிலோவுக்கு மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது முறையாகத் தொடர்ந்து சிவப்பு. நான் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன்.

"என்ன அண்ணே, வயித்துல புள்ளை ஏதும் வச்சிருக்கீங்களா? இந்த எடைக்கு ஒரு கைக்குழந்தையே இருக்குமே. ஒரு வாயைக் கட்ட முடியலைன்னா எதுக்கு இங்க வர்றீங்க? அக்காவுக்குத் தாலி கழுத்துல இருக்குறது புடிக்கலையா உங்களுக்கு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். லெட்சுமி அக்கா மட்டும் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாலு மணி நேரமும் கைப்பிடியில் தாளம் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, சரி, உறைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் அடியோடு மாறிவிட்டார். இரண்டு கிலோ. ஒன்றே முக்கால். மறுபடியும் இரண்டு. நான்காவது முறை வந்தபோது நட்சத்திரம் போட்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். அண்ணன் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது நாம் எல்லாருடைய எடையையும் கூட நின்று பார்க்கிறோம். அப்போது அப்படி இல்லை. காலையில் ஒரே நேரத்தில் பதினைந்து பேரை மெஷினில் போட வேண்டியிருக்கும். அதனால் நோயாளியே தராசில் ஏறி, எடையைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நம் மேசையில் வைப்பார். அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீரை எடுப்பது என்று மெஷினுக்குச் சொல்வோம். சீட்டில் குறைத்து எழுதியிருந்தால் குறைவாகத்தான் எடுப்போம். மீதி உடம்பிலேயே நிற்கும். அடுத்த முறை அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும்.

அண்ணன் குறைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஃபரா அப்போது உங்களைப்போலப் புதிது. ஒரு வியாழக்கிழமை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டர், காக்கி டியா பெங்காக் லா." அவருடைய கால் வீங்கியிருக்கிறது, சாக்ஸ் போட்டு மறைத்திருக்கிறார், இன்னொரு முறை நிறுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் பலகையைக் காட்டினேன். நாலு வாரமாக நட்சத்திரம் வாங்குகிற மனுஷனைச் சந்தேகப்படாதே, மனசு உடைந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்பதற்கு எவ்வளவு நல்ல வார்த்தையாக இருக்கிறது பாருங்கள். நான் காப்பாற்றியது அவர் மனசை இல்லை. என் பலகையை.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அண்ணனைக் கீழ்வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து இறக்கினார். நடக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளே கொதிக்கிற சத்தம். வீல்சேரில் உட்காரவைத்து, ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, வீல்சேரோடு தராசில் ஏற்றினேன். எண் வந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அண்ணன் பார்த்தார்.

மெஷினில் போட்டு, முடிந்தவரை வேகமாகத் தண்ணீரை எடுக்க ஆரம்பித்தோம். படுக்க முடியாததால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். உறுமி அடித்த கை, அந்த நிலையிலும் பிடி இறுகியிருந்தது. மாஸ்க்கை விலக்கி ஏதோ சொல்லப் பார்த்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மிஸ்ஸி... பலகையில போட்டுடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை தகவல் வந்தபோது நான் தராசுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பலகையில் அவர் பெயரும் நட்சத்திரமும் அப்படியே இருந்தன. ஒரு ஸ்குரூடிரைவர் எடுத்துவந்து நெம்பிப் பலகையைக் கழற்றினேன். ஒரு ஆணி வரவில்லை. பிடுங்கியதில் சுவரின் சாந்து பெயர்ந்து என் காலில் விழுந்தது. ஆப்பே ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

விசாரணை நடந்தது. பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு அந்த ஒரு மாதத்துச் சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்தார். நல்ல மனுஷன், என்மேல் மரியாதை உள்ளவர்.

"பாருங்க சிஸ்டர், எல்லாம் அவரு கையெழுத்து. நீங்க சேஃப். பேஷண்ட் தப்பான எடை குடுத்தார்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க, போதும். மத்தத நான் பாத்துக்குறேன்."

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அது பயங்கரமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, பயிற்சிக் காலத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய சிஸ்டருக்கு ஃபோன் செய்தேன். குளுவாங்கில் ஓய்வாக இருந்தார். பெயரைப் போட்டால் இன்றைக்கும் திட்டுவார், அதனால் பெயர் வேண்டாம். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எஸ்தர், இப்ப நீ அழறது அந்த ஆளுக்கா, உனக்கா?"

"தெரியல சிஸ்டர்."

"தெரிஞ்சுக்கிட்டு ரிப்போர்ட் எழுது."

ஃபோனை வைத்துவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கியது. எனக்கு இரக்கம் காட்ட டாக்டர் இருக்கிறார், என்னோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சபை இருக்கிறது. செத்துப்போனவருக்கு ஒருவரும் இல்லை. நான் தப்பிக்க வேண்டுமென்றால் அவரைப் பொய்யராக எழுத வேண்டும். கடைசி மூச்சில் என்னைக் கெஞ்சிய ஆளை நான் மறுபடியும் சிவப்பு மையில் எழுத வேண்டும்.

ரிப்போர்ட்டில் பலகையைப் பற்றி எழுதினேன். எல்லார் முன்னாலும் நான் அவரிடம் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதினேன். ஃபரா எச்சரித்ததையும் நான் தட்டிக்கழித்ததையும் எழுதினேன். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டுக் கெலாங் பாத்தா கிளைக்கு அனுப்பினார்கள். எழுதியதால் மனசு லேசானதா என்று கேட்பீர்கள். ஆகவில்லை.

சபையிலும் எழுந்து நின்றேன். முன்னால் இந்தப் பலகையைப் பற்றிச் சாட்சி சொன்னேன், அந்தப் பலகைக்குப் பயந்து ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். பாஸ்டர் ஐயா எனக்காக ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் அக்காமார்கள் சுற்றி வந்து கட்டிப்பிடித்து, ஆண்டவர் மன்னிச்சிட்டார் சிஸ்டர், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் நான் லெட்சுமி அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தைகூட இன்னும் பேசவில்லை. அடக்கத்துக்குப் போனபோது கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் தாலியை இழக்கவில்லையே.

கருமாதி முடிந்த அடுத்த வாரம் போனேன். தம்போயில்தான் வீடு. லிஃப்ட் இல்லாத ஃபிளாட், நான்காவது மாடி. மூச்சு வாங்க வாசலில் நின்றேன். கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். குசினிக்குள் போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தார். தரையில் இரண்டு சொட்டு விழுந்தது.

நான் தொடவில்லை.

"குடிங்க மிஸ்ஸி. நீங்க குடிக்கலாந்தானே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு அவரே சொன்னார்.

"நாலு வருசமா இந்த வூட்டுல யாருக்கும் முழு கிளாஸ் ஊத்துனதே இல்ல மிஸ்ஸி. அவரு முன்னுக்கு நான் தண்ணி குடிச்சது கெடையாது. குசினிக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டுதான் குடிப்பேன். இப்ப எங்க நின்னு வேணும்னாலும் குடிக்கலாம். தொண்டையில எறங்க மாட்டேங்குது."

நான் என் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் கூர்மையாகப் பேசின வாய் அன்று தட்டுத்தடுமாறியது. "அக்கா, அந்தப் பலகைய மாட்டுனது நான். என் வாய்க்குப் பயந்துதான் அண்ணன் கொறைச்சு எழுதினாரு. என் தப்புன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"எனக்குத் தெரியும், அவரு கொறைச்சு எழுதுறது." அக்கா கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "சாக்ஸ மாட்டிவிட்டதே நான்தானே. மிஸ்ஸிகிட்ட சொல்லிடுறேன்னு சொன்னேன். சொல்லிடாத லெட்சுமி, ஸ்டார் போட்டிருக்காங்கன்னாரு. தோட்டத்து ஸ்கூலுல படிக்கிறப்பகூட அவருக்கு யாரும் ஸ்டார் போட்டது இல்லையாம். நான் வாயத் தொறந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

இந்தப் பாரத்தை அவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். நான் தப்பித்துக்கொள்வதற்காக ஒரு வரி எழுதியிருந்தால், அதைக் கடைசிவரை அவர் தலையிலேயே விட்டிருப்பேன்.

"நீங்க இல்ல அக்கா. நான்தான்."

பிறகு கேட்டேன், என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியதை. அந்த நாட்களில் அண்ணனுக்கு ஏன் அவ்வளவு தாகம்? அக்கா சொன்னார். அதற்கு முன்னால் ஏர்கோன் அறைக்குள்ளே கேமரா பார்க்கிற வேலையாம். ஆள் குறைந்துவிட்டதென்று வெளிவாசலுக்கு மாற்றிவிட்டார்களாம். வெயிலில் நின்று லாரிகளுக்கு வாசல் கம்பியைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். ஒரு கடிதம் போதும். இவர் டயாலிசிஸ் நோயாளி, வெயிலில் நிறுத்தாதீர்கள் என்று நம் மையத்திலிருந்து ஒரு கடிதம். அந்த மாதிரிக் கடிதம் எத்தனை பேருக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே எழுதியிருப்பேன்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா மிஸ்ஸி? உங்க கையத்தானே புடிச்சிருந்தாரு."

உங்களைப் பற்றித்தான் சொன்னார் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் நினைத்தேன். பொய் போதும் என்று தோன்றியது. "பலகையில போட்டுடாதீங்கன்னு சொன்னாரு அக்கா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் மிஸ்ஸி. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அது இன்னும் காதுல இருக்கு. ஆனா நீங்க நாலு மாடி ஏறி வந்தீங்க." கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க."

குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். தகுதி இல்லாதவர்களுக்குக் கிடைப்பதுதான் கிருபை என்று பதினைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதை எனக்குக் கையில் கொடுத்தவர் வீட்டுச் சுவரில் மாரியம்மன் படம்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

ஒன்றரை வருஷம் கழித்து என்னைத் திரும்பத் தம்போய்க்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கும் சில வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கதவு திறந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லெட்சுமி அக்கா வந்தார். பார்க்க வரவில்லை. நோயாளியாக வந்திருந்தார். இனிப்பு நீர் வியாதி சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது, கண் பார்வையையும் முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது.

"ஏன் அக்கா இங்க வந்தீங்க? உங்க வூட்டுகிட்டயே புதுசா ஒண்ணு தொறந்திருக்காங்களே."

"அங்க எனக்கு யாரத் தெரியும்? இங்க நீங்க இருக்கீங்க."

தராசில் ஏறி நின்றார். கீழே குனிந்து எண்ணைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "தெரியல மிஸ்ஸி. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். பழைய நோயாளிகள் இரண்டு மூன்று பேருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். புருஷனைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைத்தவள் முன்னால், அதே தராசில், எண் தெரியாத கண்ணோடு அந்த அம்மாள் நின்றார். நான் காதோரம் குனிந்து சொன்னேன்.

அந்த வாரமே கம்பியும் துணியும் வாங்கிவந்தேன். துணியை நானே தைத்தேன். அறையின் நடுவில் இது என்ன குளியலறை மாதிரி என்று டாக்டர் முணுமுணுத்தார். அக்கா திரைக்குள்ளே வந்து துணியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"என்னா கலர் மிஸ்ஸி?"

"நீலம் அக்கா."

"அலமாக், அவருக்கு மஞ்சதானே புடிக்கும்."

அதனால்தான் பிள்ளைகளே, அது மஞ்சள்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம் இதுதான். எடையைத் திரைக்குள் கூடவே நின்று பார்ப்பேன். அதிகமாக இருந்தால் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பேன். கிறிஸ்தவள் என்பதால் எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு கிராம்கூட நான் குறைத்ததில்லை. என் வாயும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. எத்தனையோ காலை, கோபத்தை விழுங்கிக்கொண்டு திரைக்குள் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறேன். அப்படியும் சில நாள் தவறியிருக்கிறேன். தவறிய நாளில் மறுபடி போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அண்ணனின் திதி முடிந்த மறுநாள் அக்கா வந்தார். முகம் உப்பியிருந்தது, மூச்சு கொஞ்சம் இரைத்தது. தராசில் ஏற்றினேன். அவர் அதுவரை ஒரு முறைகூட அளவு மீறியதில்லை.

"என்ன அக்கா ஆச்சு?"

"நேத்து அவருக்குப் படைச்சேன் மிஸ்ஸி. அவரால குடிக்க முடியாமப் போனதெல்லாம் வச்சேன். கிளாஸ் முட்ட முட்ட தண்ணி, கோப்பி, எளநீர், சிவப்புச் சோடா. நாலு வருசமா ஐஸ் கட்டிய நக்கிக்கிட்டு கெடந்த மனுசன். படைச்சதக் கீழ ஊத்த மனசு வருமா? வூட்டுல வேற யாரும் இல்ல. எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேன்."

நான் எண்ணை அவர் காதில் சொன்னேன். ஆபத்தான எண். எவ்வளவு ஆபத்து என்பதையும் சொன்னேன். ஒரே நாளில் எடுக்க முடியாது, நாளைக்கும் வர வேண்டும் என்று சொன்னேன். அக்கா தலையாட்டினார். பிறகு பார்வை மங்கிய கண்ணை என் பக்கம் திருப்பி, உதட்டை மடித்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார்.

"பலகையில போட்டுடாதீங்க மிஸ்ஸி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைக் கேலி செய்தார், பிள்ளைகளே. அந்த வார்த்தையை வைத்து என்னைக் கேலி செய்ய அவருக்கு மனசு வந்திருந்தது. நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே ட்ராலி போகிற சத்தம் கேட்டது. திரைக்குள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது.

அக்காவும் இப்போது இல்லை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போய்விட்டார். தண்ணீரால் இல்லை, இருதயம் நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமைகூடத் துணியைத் தடவிவிட்டு, அழுக்கா இருக்கு, தொவைச்சுப் போடுங்க என்றார். துவைத்துப் போட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது.

கழற்றலாமா என்று கேட்டாயே அம்மா, உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ட்ராலி சிக்கத்தான் செய்யும். கொஞ்சம் சுற்றித் தள்ளிக்கொண்டு போ. ஒரு நாள் திரைக்குள்ளே போய் நின்று பார். சுவரில் நாலு ஓட்டை இருக்கும், ஒன்றில் சாந்து பெயர்ந்திருக்கும். பெயின்ட் அடிக்க வருகிறவர்களிடம் அதைப் பூச வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை முனியாண்டி அண்ணன் எத்தனை கிலோ கூடி வந்தார் என்று இதில் நான் எங்கேயும் எழுதவில்லை. மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டிய இடத்தில் எழுதினேன். அதைத் தவிர டாக்டர் அறையிலும் சொல்லவில்லை, சபையிலும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.